உள்செயின் போடும் சத்தம்

கிக்கரை மிதிப்பதற்கு முன்பே ஃபிட்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. சத்தம் இன்னும் வரவில்லை. வரப்போகிறது என்று தெரியும், அது போதாதா.

விடிகிற நேரம். சந்தில் ஈ காக்கை இல்லை. ராத்திரி முழுக்க வெளியில் நின்ற வண்டியின் சீட்டு நனைந்து கிடந்தது. கையால் வழித்து உதறிவிட்டு ஓங்கி ஒரு மிதி மிதித்தார். இன்ஜின் பிடித்தது. கூடவே அதுவும் ஆரம்பித்தது. தகர டப்பாவுக்குள் ஜல்லியைப் போட்டு எவனோ வேண்டுமென்றே குலுக்குகிற மாதிரி, கடகடகடவென்று.

மாடி ஜன்னல் திறந்தது. நைட் டியூட்டி முடிந்து வந்து அப்போதுதான் தலையைச் சாய்த்திருந்த நர்சம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்ககூட இப்படி அலற மாட்டாங்க."

"இதோ கிளம்பிட்டேன் சிஸ்டர்."

"தினமும் நீங்க இதைத்தான் சொல்றீங்க. வண்டியும் தினமும் அதையேதான் சொல்லுது."

ஜன்னல் சாத்திக்கொண்டது. ஃபிட்டர் குனிந்து வண்டியின் இடது பக்கத்து மூடியைப் பார்த்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பின்சக்கரத்துக்குப் போகிற செயினை ஊரே பார்க்கலாம். இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகிற செயின் அப்படியில்லை, எண்ணெய் ஊற்றி மூடிய பெட்டிக்குள் ஓடுவது. உள்செயின் என்பார்கள். அது தொளதொளத்துப் போய்ப் பெட்டியின் சுவரில் அடிக்கிறது. பெட்டிக்கு அடியில் ஒரு போல்ட் இருக்கிறது. அதைத் திருகினால் உள்ளே ஒரு கட்டை எழும்பிச் செயினை இறுக்கும். போன வாரம்தான் சத்தம் அடங்கும்வரை திருகி, மேலே நட்டைப் போட்டுப் பூட்டினார். இப்போது யாரோ தளர்த்தியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. அந்த வீட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த இன்னொரு கை மச்சினனுடையது.

இருவருக்கும் ஒரே கல் கிரஷரில் வேலை. மலையடிவாரத்தில், பஸ் எட்டிப் பார்க்காத இடம். முன்பெல்லாம் ஆலை லாரியே ஆட்களை ஏற்றிப் போகும். ஒருத்தன் விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து லாரியில் ஆளை ஏற்றினால் டிரைவருக்கு வேலை போய்விடும் என்று உத்தரவு. அதன்பின் மாமனும் மச்சினனும் சேர்ந்து இந்தப் பழைய வண்டியை வாங்கினார்கள். விடியலில் ஃபிட்டர் எடுத்துப் போவார். மதியம் கொண்டு வந்து வாசலில் நிறுத்தி இறங்கினதும் மச்சினன் ஏறிக்கொள்வான். இன்ஜினை அணைப்பதுகூட இல்லை. ராத்திரி அவன் கொண்டு வந்து போட்டால் மறுபடி விடியலில் அவர்.

ஃபிட்டரின் வேலை, மெஷின் ஓடத் தொடங்குமுன் முடிய வேண்டிய வேலை. முந்தின நாள் குலுங்கலில் கழன்றதையெல்லாம் தேடித் தேடி இறுக்குவார், மெஷின் ஓடத் தொடங்கியதும் ஆலையின் ரிப்பேர் ஷெட்டுக்குள் போய் மதியம்வரை மற்ற வேலை பார்ப்பார். ஓடுகிற மெஷினில் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் அவர் தொடுகிற இரும்பெல்லாம் ஜில்லென்றுதான் இருக்கும். கடகடவென்று அடித்தால் தொளதொளப்பு, இறுக்கு, அடங்கினால் சரி. அவர் படித்த படிப்பு அவ்வளவுதான், அதை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார். மச்சினன் ஆப்பரேட்டர். அவன் கேபினில் ஏறும்போது மெஷின் காலையிலிருந்து ஓடிக் கொதித்துக்கொண்டிருக்கும். எது வீறிடுகிறதோ அது சீக்கிரம் உடையப்போகிறது, உடனே தளர்த்து. இது அவன் படிப்பு.

அன்றைக்கு மதியம் வண்டியை விட்டு இறங்கும்போதே ஃபிட்டர் தொண்டையைத் திறந்தார்.

"மாப்ள, உள்செயினைத் தொட்டியா?"

"கத்தாதீங்க மாமா, பக்கத்துலதானே நிக்கிறேன்."

"தொட்டியா இல்லையா?"

"தொட்டேன். ரெண்டு சுத்து விட்டேன். பின்ன, ஊளையிடுதுல்ல."

"எது ஊளையிடுது?"

"வண்டிதான். நாய் வாலை மிதிச்ச மாதிரி. மறுபடியும் கொஞ்சம் இருக்கு, இந்தா கேளுங்க."

ஃபிட்டர் குனிந்து காதைக் கொடுத்தார். கிரஷர் இரைச்சலுக்குள் அரை நாள் ஷெட்டில் இருந்துவிட்டு வருகிற காது. வீட்டுக்கு வந்தபிறகும் அதற்குள் கல் உடைந்துகொண்டேதான் இருக்கும். பொண்டாட்டி கூப்பிட்டாலே மூன்றாவது தடவைதான் திரும்புவார்.

"ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்குக் கேக்காது."

"ஏன், நான் செவிடா?"

"இப்ப செவிடுதான். சாயங்காலம் சரியாயிடும்."

"காலையில கடகடன்னு அடிக்குதே, அது உனக்குக் கேக்குதா?"

"எங்க அடிக்குது? ராத்திரி நான்தானே ஓட்டிட்டு வர்றேன். ஒரு நாளாவது அடிச்சிருக்கா?"

"ராத்திரி நீ செவிடு. காலையில நீ பொணம். தலைமாட்டுல இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டே."

உள்ளே தையல் மெஷின் நின்றது. கிரஷர்க்காரர்களுக்குத் துணிக் கையுறை தைத்துக் கொடுப்பவள் ஃபிட்டரின் மனைவி. ஒருவருக்குப் பொண்டாட்டி, ஒருவனுக்கு அக்கா. நடுவில் மாட்டிக்கொண்ட ஆள்.

"ரெண்டு பேரும் அந்த நட்டைப் பார்க்கிற நேரத்துல பாதி நேரம் மனுஷங்க முகத்தைப் பார்த்திருக்கலாம். டேய், கிளம்புடா. இன்னொரு தடவை லேட்டானா உன் பேரை அடிச்சிடுவாங்க, தெரியுமில்ல?"

தெரியும். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மச்சினன் இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்குகிற சமயம் நெருங்கிவிட்டது. ஆனால் அதற்குள் மூன்று தடவை தாமதமாக வந்தவனை ஆலை வைத்துக்கொள்ளாது. இரண்டு தடவை ஆகிவிட்டது, இரண்டுமே இந்த வண்டியால். ஊளை தாங்காமல் வழியில் நிறுத்தி நட்டைத் தளர்த்தியதில் ஒன்று. கொதிக்கிற மூடியில் விரலைச் சுட்டுக்கொண்டு அது ஆறும்வரை உட்கார்ந்திருந்ததில் ஒன்று. நிரந்தரமானால் ஆலைக் குடியிருப்பில் ஓர் அறை கிடைக்கும். பிரசவத்துக்குப் போன பொண்டாட்டி குழந்தையோடு இன்னும் அம்மா வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். "அறை எப்ப, அறை எப்ப" என்று தினமும் போன். குழந்தை குப்புற விழுந்ததையே அவன் போனில்தான் பார்த்தான்.

ஃபிட்டருக்கும் அவன் நிரந்தரமாக வேண்டும். மச்சினன் வந்து தங்கியதிலிருந்து கூடத்தில் காலை நீட்டிப் படுத்து எத்தனை மாதமாகிறது. ஆனால் அதற்காக நல்ல வண்டியைத் தளர்த்திக் கெடுப்பதை எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருப்பது? அவர் இறுக்க, அவன் தளர்த்த, அவர் இறுக்க, நட்டின் முனைகளே மழுங்கிப் போயின. ஸ்பேனர் பிடிக்க மறுத்து வழுக்கியது. ஒருநாள் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தபோது ஃபிட்டர் ஒரு முடிவுக்கு வந்தார்.

மச்சினனுக்கு வார லீவு வந்த நாள். மதியம் வாசலில் வண்டிக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஷிஃப்ட் முடிந்தபின் ஃபிட்டர் வண்டியை ஷெட்டுக்குள் தள்ளினார். காலையிலிருந்து நிழலில் நின்ற வண்டி, தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஜன்னல் மாதிரி இருந்த சின்ன மூடியைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்து, செயினில் நகக்கண் அளவுக்கு ஆட்டம் மிஞ்சும்வரை திருகினார். ஸ்டார்ட் செய்தார். சத்தமே இல்லை. அணைத்தார். வெல்டர் டீக்குப் போயிருந்தான். டேங்கின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, வெல்டிங் ராடை மாட்டி, நட்டும் போல்ட்டும் சேர்கிற இடத்தில் ஒரே ஒரு பொட்டு வைத்தார். எரிந்து, சிவந்து, கறுத்து ஆறியது.

"இப்ப திருகுடா பார்க்கலாம்," என்றார், அங்கே இல்லாத மச்சினனிடம்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டி கொஞ்சம் இழுக்க மறுத்த மாதிரி இருந்தது. பெட்ரோலில் எதையோ கலக்கிறான் என்று பங்க்காரனைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

மறுநாள் ஃபிட்டருக்கு லீவு. மதியம் மச்சினன் பையோடு வெளியே வந்தான். முந்தின நாளிலிருந்து நின்ற வண்டியை ஒரு மிதியில் எழுப்பினான். தலையைச் சாய்த்துக் கேட்டான். மறுபடி கேட்டான்.

"என்ன மாமா, சத்தத்தையே காணோம்?"

"ஃபிட்டர்னா சும்மாவா? கிளம்பு. பட்டு மாதிரி போகும்."

"ஊளையும் இல்லை."

"ஊளை உன் மண்டைக்குள்ள இருந்திருக்கும்."

மச்சினன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வண்டி சத்தமில்லாமல் சந்தைத் தாண்டிப் போவதை ஃபிட்டர் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வந்து, தட்டின் முன் உட்கார்ந்து, "உன் தம்பிகிட்ட இதைத்தான் இத்தனை மாசமா சொல்றேன்," என்று ஆரம்பித்தார். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடிக்கவில்லை, போன் அடித்தது.

"மாமா, வண்டி நின்னுடுச்சு."

"பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு."

"பிளக்கைப் பார்த்தியா?"

"எல்லாம் பார்த்தாச்சு. முதல்ல நல்லாத்தான் வந்துச்சு. பாலம் தாண்டினதும் ஊளை. அதுக்கு அப்புறம் பின்னால எவனோ பிடிச்சு இழுக்கிற மாதிரி திணறித் திணறி நின்னே போச்சு. சரி, நட்டைத் தளர்த்தலாம்னு பார்த்தா எவனோ வெல்டு வச்சிருக்கான்."

ஃபிட்டர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார்.

"எவனோ இல்லை. நான்தான்."

அந்தப் பக்கம் ஒரு லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டது. திட்டியிருந்தால் இவரும் திட்டியிருப்பார்.

"சங்கு ஊதின பிறகு கேட்டை எவ்வளவு நேரம் திறந்து வச்சிருப்பாங்க?" என்று கேட்டார். தெரிந்துதான் கேட்டார்.

"டீ ஆறுற நேரம். லாரிக்காரன் எவனும் நிறுத்த மாட்டேங்கிறான் மாமா. கையைக் காட்டிக் காட்டி அலுத்துப் போச்சு."

முனைக் கடைக்காரரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஃபிட்டர் கிளம்பினார். வெயிலில் மிதித்துப் போகும்போது ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வசவு. செயினுக்குக் கொஞ்சம், மச்சினனுக்குக் கொஞ்சம், தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒழுங்காகப் பூட்டிய வண்டி எப்படி நிற்கும்? கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஓட்டியிருப்பான். ஓட்டத் தெரியாதவன் கையில் எது உருப்படும்?

பாலத்துக்கு அப்பால் ஒரு மர நிழலில் மச்சினன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஃபிட்டர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு நேராக வண்டிக்குப் போனார். மிதித்தார். முதல் மிதியிலேயே பிடித்தது. கடகடப்பும் இல்லை, ஊளையும் இல்லை.

"நல்லாத்தானேடா ஓடுது," என்றார். உடம்பெல்லாம் வியர்வை வழிந்தது. "இதுக்கா என்னை இந்த வெயில்ல மிதிக்க வச்சே?"

"இப்ப ஆறிடுச்சு மாமா. அதான் ஓடுது."

"ஆறிடுச்சாம். வண்டியா இது, காப்பியா?"

"நான் பொய் சொல்றேன்னு சொல்லுங்க, பரவாயில்லை. ஏறுங்க. நீங்களே ஓட்டுங்க. நான் பின்னால உட்கார்றேன், வாயைத் திறக்கலை."

ஏறினார். வண்டி கிளம்பியது. இன்றைக்கு லீவு என்பதால் காலையிலிருந்து கிரஷர் இரைச்சல் படாத காது. டயர் தாரில் ஒட்டி உரிவதுகூடக் கேட்டது. இந்த நேரத்தில், இந்த ரோட்டில், அப்படியொரு காதோடு அவர் இந்த வண்டியில் வந்ததே இல்லை. கொஞ்ச தூரம் வண்டி வெண்ணெயாகப் போனது. சொல்லிக் காட்டலாம் என்று வாயைத் திறந்தார்.

முதலில் அது எதிரே வருகிற ஏதோ லாரியின் சத்தம் என்று நினைத்தார். எதிரே லாரி இல்லை. மெல்லிய இழுவை, கொசு காதருகே வருகிற மாதிரி. அப்புறம் கால் வைத்திருந்த கட்டையில் அது நடுக்கமாக ஏறியது. வேகத்தைக் கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மேட்டில் ஏறும்போது முழு ஊளையாகிவிட்டது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினாலும் வண்டி சேற்றில் போவது போல இழுபட்டது. பின்னால் உட்கார்ந்தவன் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. அதுதான் ஃபிட்டருக்குப் பொறுக்கவில்லை.

மேட்டின் பாதியில் வண்டி ஒரு தடவை உதறி நின்றது.

இறங்கினார். மேல்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு சின்ன மூடியைத் திருகி எடுத்தார். விரலை உள்ளே விட்டதும் சுட்டது. எடுக்கவில்லை. நேற்று இதே விரலுக்கு, இதே இடத்தில், நகக்கண் அளவு ஆட்டம் இருந்தது. இப்போது செயின் இழுத்துக் கட்டிய கம்பி. அழுத்தினால் அசையவில்லை. கீழே போல்ட்டைப் பார்த்தார். அவர் வைத்த பொட்டு அப்படியே இருந்தது, ஒரு மயிரிழை நகரவில்லை.

போல்ட் நகரவில்லை, செயின் இறுகியிருக்கிறது. அப்படியென்றால் பெட்டிதான் வளர்ந்திருக்கிறது. சூட்டில் பெட்டி வளர்ந்து, இன்ஜின் பக்கத்துப் பல்சக்கரமும் கிளட்சுப் பக்கத்துப் பல்சக்கரமும் ஒன்றையொன்று விட்டு விலகினால், நடுவில் மாட்டிய செயின் என்ன செய்யும்? இரும்பு சூட்டில் வளரும் என்பது அவருக்குத் தெரியாததா. சல்லடைச் சட்டத்துக்குப் போல்ட் போடும்போது இடைவெளி விட்டுத்தான் தினமும் பூட்டுகிறார். முதல் நாள் யாரோ விடச் சொன்னார்கள், அன்றிலிருந்து விடுகிறார். அந்த இடைவெளி என்ன ஆகிறது என்று ஓடுகிற மெஷினின் பக்கத்தில் போய் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இதைக் கேட்டுக்கிட்டா தினமும் ஓட்டினே?"

"தினமும் சொல்லிக்கிட்டும் ஓட்டினேன்."

"காலையில கடகடன்னு அடிக்கிறதும் நெஜம்தான்டா."

"இருக்கட்டும் மாமா. நான் இல்லேன்னா சொன்னேன்? இப்ப எனக்கு வேலைக்குப் போகணும்."

ஃபிட்டர் அவன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி மூடியின் மேல் ஊற்றினார். சுர்ரென்று ஆவி கிளம்பியது.

"அது குடிக்கிற தண்ணி."

"வாயை மூடு."

அப்புறம் நடந்ததை வெளியில் யாரிடமும் சொல்ல முடியாது. கொஞ்சம் ஆறியதும் மிதிப்பது, ஊளை எழும்வரை ஓட்டுவது, எழுந்ததும் நிறுத்தி இரண்டு பேரும் குனிந்து மூடிக்கு வாயால் ஊதுவது. ரோட்டோரம் இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு லாரி டிரைவர் வேகத்தைக் குறைத்தான்.

"என்னண்ணே, அடுப்பு பத்தலையா?" என்று கேட்டுவிட்டு ஏற்றிக்கொள்ளாமல் போனான்.

மறுபடி மிதித்து, மறுபடி ஓட்டி, இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வரும்போதே சங்கு ஊதியது. கேட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது கேட் பாதி சாத்தியிருந்தது. சூப்பர்வைசர் உள்ளே நின்றிருந்தார். அவருக்கு ஆலையில் பூட்டு என்று பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது, கோபித்துக்கொண்டதில்லை.

"வாங்க, வாங்க. இன்னிக்கு என்ன கதை? பஞ்சரா, வயித்து வலியா?"

"சார், தப்பு என்மேல," என்றார் ஃபிட்டர்.

"உனக்கு லீவுதானேய்யா. லீவு அன்னிக்கும் வந்து என் உயிரை எடுக்கணுமா?"

"வண்டியில உள்செயினை நான் இறுக்கி, நட்டுக்கு வெல்டு வச்சிட்டேன். இவனுக்குத் தெரியாது. சூடானதும் வண்டி பிடிச்சுக்கிச்சு. இவன் நேரத்துக்குத்தான் கிளம்பினான்."

"நல்லா இருக்கு." பூட்டு கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மச்சினனைப் பார்த்தார். "உன் மாமன் வெல்டு வச்சான், உன் அக்கா வெந்நீர் வச்சாள். உங்க வீட்டுச் சண்டைக்கெல்லாம் நான் கல் உடைக்கிறதை நிறுத்தணுமா? மூணாவது தடவை. உனக்கே தெரியும்."

மச்சினன் பையைத் தோளில் சரிசெய்தான். கெஞ்சத் தெரியாதவன். தரையைப் பார்த்தான். உள்ளே ஒரு லாரி கல்லைக் கொட்டக் காத்துக்கொண்டு ஹாரன் அடித்தது. முந்தின ஷிஃப்ட் ஆப்பரேட்டர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆள் வர்றானா இல்லையா?" என்று கையை விரித்தான்.

வீட்டுச் சண்டை. அந்த வார்த்தையை ஃபிட்டர் பிடித்துக்கொண்டார். வீட்டில் நடந்தது என்றால் பூட்டுக்கு அது ஒன்றுமில்லை, பேரை அடித்துவிட்டுப் போய்விடுவார். ஆலைக்குள் நடந்தது என்றால் அப்படி விட முடியாது. விசாரிக்க வேண்டும், ஒருத்தனைப் பிடிக்க வேண்டும். பிடிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டால் இன்னொருத்தனை விட்டுவிடுவார். அந்த மனுஷனின் கணக்கு அப்படி.

"வீட்டுல இல்லை சார்," என்றார். "ஷெட்டுலதான் வச்சேன். நேத்து. நம்ம மெஷின், நம்ம ராடு."

"மாமா, சும்மா இருங்க," என்றான் மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சும்மா இரு. வெல்டர் டீக்குப் போனப்ப வச்சேன் சார். அவனுக்கும் தெரியாது. யாரையும் கேக்கலை."

பூட்டு குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். பொட்டை விரலால் தொடப் போய், சூடு தெரிந்து எடுத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு திருப்தி இருந்த மாதிரிதான் ஃபிட்டருக்குப் பட்டது.

"ஆலைச் சாமானைச் சொந்த வண்டிக்கு எடுத்திருக்கே."

"ஆமா சார்."

"அதனால ஒரு ஆப்பரேட்டர் லேட்டு. ஒரு லாரி நிக்குது."

"ஆமா சார்."

"இத்தனை வருஷம் ஃபிட்டரா இருக்கே. செயினை எவ்வளவு இறுக்கணும்னு தெரியாதா?"

தெரியும் என்றால் பொய். தெரியாது என்றால் வேலைக்கே கேடு.

"ஆறின வண்டிக்குத் தெரியும் சார்," என்றார் ஃபிட்டர்.

பூட்டு அதைக் காதில் வாங்கவில்லை. மச்சினனிடம் கையை ஆட்டினார். "ஏறு, ஏறு. இந்தத் தாமதம் உன் கணக்குல வராது. ஆனா இன்னொரு தடவை எந்த மாமன் வந்து நின்னாலும் கேக்க மாட்டேன்." ஃபிட்டரிடம் திரும்பினார். "நாளையிலிருந்து ஷெட்டுப் பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது. ஸ்பேனரையெல்லாம் ஒப்படைச்சிட்டு பெல்ட்டுக்கு அடியில விழுற கல்லை அள்ளு. எப்ப திரும்பக் கூப்பிடறதுன்னு நான் சொல்றேன்."

உடைத்த கல்லைச் சுமந்து ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் கல் அள்ளுவது புதிதாகச் சேருகிறவனுக்குக் கொடுக்கிற வேலை. குனிந்தபடி நிற்க வேண்டும், தூசி மேலிருந்து தலையில் கொட்டும். ஃபிட்டர் தலையாட்டினார்.

மச்சினன் இரண்டு அடி உள்ளே போய்த் திரும்பி வந்தான்.

"எதுக்கு ஷெட்டுன்னு சொன்னீங்க?"

"ஷெட்டுதானே."

"வாயில வேற எதுவுமே வரலையா? நான் அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், தளர்த்துங்க, தளர்த்துங்கன்னு. கேட்டீங்களா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் பேச்சைக் கேட்டிருந்தா..."

"லாரி நிக்குதுடா. போ."

போனான். கேபின் ஏணியில் இரண்டிரண்டு படியாக ஏறினான். கொஞ்ச நேரத்தில் முதல் கல் கிரஷரின் தாடையில் விழுந்து நொறுங்கியது. கேட் சாத்தப்பட்டது.

ஃபிட்டர் வண்டியை வெளிச் சுவரின் நிழலுக்குத் தள்ளினார். சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பேனரும் திருப்புளியும் இருந்தன. வெல்டை உடைக்க உளி வேண்டும், உளி ஷெட்டில் இருக்கிறது, ஷெட்டுக்குப் போகக் கூடாது. சுற்றிலும் பார்த்தார். கல்லுக்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை. கைக்கு அடக்கமாக ஒன்றைப் பொறுக்கி, திருப்புளியின் முனையைப் பொட்டில் வைத்து அடித்தார். திருப்புளி வளைந்தது. திருப்பி வைத்து அடித்தார். நேற்று அவ்வளவு ஆசையாக வைத்த பொட்டு, லேசில் விடுமா. விரல் ஒரு தடவை, கட்டைவிரல் ஒரு தடவை நசுங்கியபின் டக்கென்று தெறித்தது.

மழுங்கிய நட்டைப் பிடித்துத் திருகி, இன்ஜினின் சூடு ஆறுவதற்குள் விரலை உள்ளே விட்டு, செயின் சுண்டுவிரல் கனத்துக்கு ஆடும்வரை தளர்த்தினார். இப்போதே இவ்வளவு ஆட்டம் என்றால் விடியலில் இது என்ன ஆட்டம் போடும் என்று நினைத்தபோது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நட்டைப் பூட்டினார். கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மனைவி கூப்பிட்டாள்.

"உள்ள போயிட்டானா?"

"போயிட்டான்."

"பேரை அடிக்கலையே?"

"அடிக்கலை."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பின்னாலிருந்த கிரஷர் சத்தத்தில் அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வண்டிக்கு என்னவாம்?"

"ஒண்ணுமில்லை. காலையில ஒரு மாதிரி இருக்கும், மதியம் ஒரு மாதிரி இருக்கும்."

"இதைக் கண்டுபிடிக்கவா ரெண்டு பேரும் இத்தனை மாசம் என் உயிரை வாங்கினீங்க?"

ஃபிட்டர் வளைந்த திருப்புளியைச் சீட்டுக்கு அடியில் செருகினார்.

"என்ன சத்தத்தையே காணோம்? இன்னும் என்ன இருக்கு, சொல்லிடுங்க."

"என்னை ஷெட்டுல இருந்து எடுத்துட்டாங்க. நாளையிலிருந்து பெல்ட்டுக்கு அடியில."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலை. பூட்டு மனசு வைக்கணும்."

அழுகிறாளோ என்று நினைத்தார். அலமாரிக் கதவு கிறீச்சிடுவது கேட்டது.

"முழுக்கை சட்டை ஒண்ணு கிழிஞ்சது கிடக்கு, தைச்சு வைக்கிறேன். தலைக்கு ஏதாவது கட்டிக்கணும். அந்தத் தூசி காதுக்குள்ள போனா உங்களுக்கு மிச்சமிருக்கிறதும் கேக்காது." போனை வைக்கப் போனவள் மறுபடி கேட்டாள். "முனைக் கடைக்காரர் வந்து நிக்கிறாரு. அவர் சைக்கிள் எங்க?"